மாமாவுக்கு அம்மை போட்டிருக்கிறது

மானாம்பதி
9-4-2025

அன்புத் தம்பி வேதகிரிக்கு,

அக்கா தாயாரம்மாள் எழுதுவது. உன்னையும் உண்ணாமலையையும் பிள்ளைகளையும் சுந்தர வரதர் நோய் நொடி அண்டாமல் வைத்திருக்க வேண்டும். அந்தமானில் மழை பிடித்துக்கொண்டதா? இங்கே இப்போதே வெயில் தாங்கவில்லை.

போன வாரம் இங்கே வந்திருந்த சசிரேகாவுக்குப் போன் செய்து, அக்காவிடம் கொடு என்றாயாம். என் மகளும் ஒரு கிறுக்கு, போனை என் காதில் கொண்டுவந்து வைக்கிறாள். காது போய் இத்தனை வருஷமாகியும் உங்கள் இருவருக்கும் அது அவ்வப்போது மறந்துவிடுகிறது. செல்போனில் எழுதி அனுப்பலாம் என்பாய். அவள் போனுக்கு அனுப்பினால் மருமகன் அசோக் உட்பட வீடே படித்த பிறகுதான் எனக்கு வரும். நீ காகிதத்திலேயே எழுது. உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் எனக்குப் புரியும்.

இப்போது விஷயம். பதினெட்டு வருஷத்துக்கு முன் என் நெஞ்செலும்பைப் பிளந்து ஒரு வால்வு வைத்தார்களே, அது தேய்ந்துவிட்டதாம். தை மாதத்திலிருந்தே மூச்சு வாங்குகிறது. மாட்டுக்குப் புல் சுமந்து வந்தால் பாதி வழியில் உட்கார வேண்டியிருக்கிறது. படுத்தால் தண்ணீரில் அமுக்கின மாதிரி இருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டர், அது மாட்டுச் சவ்வில் செய்த வால்வு, இவ்வளவு காலம் உழைத்ததே பெரிது, சென்னைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள் என்றாராம்.

உன் மாமாதான் எனக்கு அதை எடுத்துச் சொன்னார். உனக்குத்தான் தெரியுமே, அவர் வாய் அசைவதை மட்டும்தான் என்னால் முழுதாகப் படிக்க முடியும். மற்றவர்கள் பேசினால் பாதி ஊகம். அவர் என் எதிரே குந்திக்கொண்டு, “நம்ம மோட்டாருல ஃபுட் வால்வு போனா இன்னா ஆவும்? ஏறின தண்ணி திரும்பக் கெணத்துக்கே எறங்கிடும். உனுக்கும் அதாங் கீது. கழட்டிட்டு வேற மாட்டிட்டா முடிஞ்சிது” என்றார். ஊரில் இருக்கிற பம்புசெட்டையெல்லாம் கழற்றி மாட்டுகிறவருக்கு என் நெஞ்சும் ஒரு பம்புசெட்.

எனக்கு மனமில்லை தம்பி. அந்த வலியை இன்னொரு தடவை படுவதற்கு என்னிடம் தெம்பு இல்லை.

மாமா நன்றாக இருக்கிறார். வாயுத் தொல்லை என்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு கோலி சோடா குடிக்கிறார். வேறொன்றுமில்லை.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா தாயாரம்மாள்

ஹட்பே, லிட்டில் அந்தமான்
28-4-2025

என் அக்காவுக்கு,

தம்பி வேதகிரி கைகூப்பி எழுதுவது. நாங்கள் சுகமாக இருக்கிறோம். உன் சுகம்தான் இப்போது எங்கள் பேச்சு. உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். கப்பல் வந்த நேரம். டீ கேட்டு ஆட்கள் நிற்கிறார்கள், பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. உண்ணாமலை வந்து என்னை நகர்த்திவிட்டு அவள் டீ போட்டாள்.

அக்கா, வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஆனால் மூச்சு முட்டிக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்தே தூங்குவாய்? முதல் ஆபரேஷனின்போது நான் உன் கட்டிலுக்குக் கீழேதான் படுத்திருந்தேன். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நீ அழுதது கண்ணிலேயே நிற்கிறது. தேறி வரும்போது வால்வில் கிருமி பிடித்து, வாரக்கணக்கில் ஊசி போட்டார்கள்; அந்த ஊசியால் உயிர் தங்கியது, காது போனது. அதையெல்லாம் மறந்துவிட்டு நான் இதைச் சொல்லவில்லை.

எனக்கும் ஒரு பயம் இருக்கிறது. ஒரு தடவை பிளந்த எலும்பை மறுபடி பிளக்க முடியுமா? அதை டாக்டரிடம் மாமாவைக் கேட்கச் சொல். என்ன சொன்னார் என்று விடாமல் எழுது.

மாமாவுக்கும் சசிக்கும் என் அன்பு.

உன் தம்பி
வேதகிரி

மானாம்பதி
20-5-2025

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. நீங்கள் எல்லோரும் சுகம் என்று படித்த பிறகுதான் அடுத்த வரிக்கே போனேன். இங்கே நானும் மாமாவும் சென்னை போய் வந்துவிட்டோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எனக்குக் காது கேட்காது என்றதும் காகிதத்தை எடுத்துப் படம் போட்டு எழுதினார். நீ கேட்ட அதே கேள்வியை மாமா கேட்டார். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு இதயம் நெஞ்செலும்பின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்குமாம். மறுபடி அங்கேயே ரம்பம் வைத்தால் இதயம் கிழிந்துவிடக்கூடும், ரத்தம் நிறையப் போகும் என்றார். அதனால் அந்தப் பக்கமே போகாமல், வலது மார்புக்குக் கீழே விலா எலும்பு இரண்டுக்கும் நடுவில் நாலு விரல் அகலத்துக்குத் திறந்து, கேமரா வைத்துப் பார்த்துக்கொண்டே பழைய வால்வை எடுத்துப் புதியதை வைப்பார்களாம். ரத்தத்தைச் சுற்றவிடும் இயந்திரத்தின் குழாயைத் தொடை இடுக்கு வழியாகச் சேர்ப்பார்களாம். எல்லாருக்கும் இது ஒத்துவராது, ஸ்கேனில் பார்த்தேன், உங்களுக்கு ஒத்துவரும் என்றார். ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். “பழைய ரூட்டுல போனா சிக்கல்னு சைடுல போறாங்கோ. எலும்பை ஒடைக்க மாட்டாங்கோ, நாலே நாள்ல நடந்துடுவ” என்று பஸ்ஸில் வரும்போது முழுக்க என் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். கழுத்து வலிக்கும், நேரா உட்காருங்கள் என்றால், “நேரா ஒக்காந்தா உனுக்கு எப்டிக் கேக்கும்?” என்கிறார்.

ஆனி மாதம் ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். ஒத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்கிறேன், சசியிடம் சொல்லாதே. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாமாவை நீ உன்னோடு அழைத்துக்கொண்டு போய்விடு. அவருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. செங்கல்பட்டில் சசி வீட்டில் இருக்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். நான் இல்லாமல் அவர் எப்படி இருப்பார் என்பதுதான் எனக்கு ராத்திரியெல்லாம் ஓடுகிறது. என்னைப் பற்றிய பயம்கூட இவ்வளவு இல்லை.

உண்ணாமலையிடம் நான் கேட்டதாகச் சொல்.

அக்கா
தாயாரம்மாள்

ஹட்பே
8-6-2025

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

மைத்துனன் வேதகிரி வணக்கம் சொல்லி எழுதுவது. அக்காவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இது உங்களுக்கு.

ஆபரேஷன் சமயத்தில் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் கடல் இப்போதே கெட்டுக் கிடக்கிறது, போர்ட் பிளேர் கப்பல் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. புறப்பட்டால் வழியில் மாட்டிக்கொள்வேன் போலிருக்கிறது. எல்லா பாரமும் உங்கள் தோளில்தான். பதினெட்டு வருஷமாக அக்காவுக்கு நீங்கள்தான் காது. உங்களுக்கு நான் தைரியம் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாயு என்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு சோடா குடிப்பதாக அக்கா எழுதியிருந்தாள். அவ்வளவு பெரிய இதய ஆஸ்பத்திரிக்குள்ளேயே நாள் முழுக்க உட்காரப்போகிறீர்கள். நீங்களும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். சும்மா ஒரு ஈசிஜி. எனக்காக.

உங்கள்
வேதகிரி

ஹட்பே
24-6-2025

என் கண்ணு சசிரேகாவுக்கு,

மாமா எழுதுவது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டு எழுத வேண்டும். கேட்க முடியவில்லை.

சனிக்கிழமை நீ போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனை தடவை போட்டும் கிடைக்கவில்லை. கேட்டது சரிதானா என்று மனம் இன்னும் அடித்துக்கொள்கிறது. வியாழக்கிழமை அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, அப்பா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார், மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போனார் என்றாய். சனிக்கிழமை காலை தொட்டியில் தண்ணீர் விட்டுவிட்டு அங்கேயே சாய்ந்து உட்கார்ந்தவரைப் பக்கத்து வீட்டு வீரம்மாள் பார்த்திருக்கிறாள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை, மாரடைப்பு என்றார்கள். இவ்வளவுதான் என் காதில் விழுந்தது.

நான் வர முடியவில்லை. துறைமுகத்தில் போய் இரண்டு நாள் நின்றேன். சிவப்புக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். ஒரு படகும் இல்லை.

நீயே கொள்ளி வைத்தாய் என்று அசோக் நேற்று எப்படியோ லைன் கிடைத்துச் சொன்னார். பங்காளிகள் கூடாது என்றார்களாம், அவருக்கு நான் ஒருத்திதான் பிள்ளை என்று நீ கொள்ளிச் சட்டியை வாங்கிக்கொண்டாயாம். நீ செய்தது சரி.

அம்மாவிடம் சொல்லவில்லை, அப்பாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, அதனால் கிட்டே வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறோம் என்றார் அசோக். எனக்கு இது பொறுக்கவில்லை அம்மா. அக்கா கண் விழித்துவிட்டாள், உட்கார்கிறாள் என்கிறீர்கள். அவளிடம் சொல்லிவிடு. டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாவது சொல். நாளாக ஆக நம் வாய்தான் இறுகிப்போகும்.

ஆறுதல் சொல்லத் தெரியாத
மாமா வேதகிரி

செங்கல்பட்டு
2-7-2025

அன்புள்ள தம்பி வேதகிரிக்கு,

அக்கா என் கையாலேயே எழுதுகிறேன் பார். உனக்கும் உன் வீட்டாருக்கும் ஒரு குறையும் வராது. எனக்கு மறுபிறவி கொடுத்திருக்கிறார்கள்.

நான் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. வலி இருந்தது, பொறுக்கக்கூடிய வலி. இருமினால் தலையணை தேடவில்லை. நாலாம் நாள் நர்ஸ் பெண் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்க நடந்தேன். போன வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டார்கள். தழும்பு வலது பக்கம் மார்புக்கு அடியில் மறைந்துகிடக்கிறது. நடு நெஞ்சில் இருக்கும் பழையதைப் பார்த்தால் அதற்கு இது பேத்தி மாதிரி இருக்கிறது. நேற்று மாடிப்படி ஏறினேன். மூச்சு என்னோடேயே வந்தது.

ஊருக்குப் போக விடவில்லை. கிருமி பிடிக்கும், இங்கேதான் இருக்க வேண்டும் என்று சசி செங்கல்பட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். உன் மாமாவுக்கு அம்மை போட்டிருக்கிறது. இந்த வயதில் அம்மை. ஆபரேஷனுக்கு மறுநாள் கண்ணாடி வழியாகக் கையாட்டிவிட்டுப் போனவர்தான். யார் வேப்பிலை போடுகிறார்கள், யார் கஞ்சி காய்ச்சுகிறார்கள் என்று கேட்டால் வீரம்மாள் என்கிறார்கள். போனில் முகத்தையாவது காட்டச் சொல் என்றேன். முகமெல்லாம் கொப்புளம், அப்பா வெட்கப்படுகிறார் என்கிறாள் சசி.

எனக்கு இங்கே பேச்சே இல்லை தம்பி. சசி வேகமாகப் பேசுகிறாள், மருமகன் மீசைக்குள் பேசுகிறார். நான் நடந்ததையும் ஏறினதையும் உன் மாமாவிடம்தானே சொல்ல வேண்டும். நீயாவது அவருக்கு ஒரு கடிதம் போடு. வீரம்மாள் மகன் படித்துக் காட்டுவான். தாயாரு படியேறினாள் என்று எழுது.

உன் அக்கா
தாயாரம்மாள்

செங்கல்பட்டு
3-7-2025

மாமாவுக்கு,

சசிரேகா எழுதுகிறேன். அத்தையும் பிள்ளைகளும் உங்களைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் என்னால் முடியாது. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா காய்ச்சலில் கிடந்தபோது எனக்குப் பதினாலு வயது. பிழைக்க மாட்டாள் என்று பெரியவர்கள் பேசியதை எல்லாம் கேட்டேன். அம்மாவுக்குத்தான் காது போனது, எனக்கு நன்றாகக் கேட்டது. அப்பாவை எரித்துவிட்டு, தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா என்னைப் பார்த்ததும் உதட்டை அசைத்து, “அப்பா எங்க?” என்று கேட்டாள். என் வாயில் வந்தது அம்மைதான். திட்டம் போட்டுச் சொன்னதில்லை.

டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுங்கள் என்பாரோ என்று பயம். ஒரே வாரத்தில் இரண்டு பேரையும் கொடுக்க முடியாது மாமா.

ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் போய் வருவேன். அசோக் அம்மாவோடு இருப்பார்.

நீங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதம் அவர் போன பிறகு வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் நெஞ்சைத் தேய்த்தார். நான் கேன்டீனிலிருந்து சோடா வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன் மாமா.

அம்மா உங்களுக்கு எழுதுவாள். தயவுசெய்து அம்மை என்றே எழுதுங்கள். மூன்றாம் மாதம் செக்கப் முடியட்டும். பிறகு நானே சொல்கிறேன்.

சசிரேகா

ஹட்பே
25-7-2025

என் அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நீ படியேறினதை உண்ணாமலைக்குப் படித்துக் காட்டினேன். அவள் உன் பெயருக்கு விளக்கேற்றினாள்.

இங்கே மழை விடவில்லை. இரண்டு வாரமாகக் கப்பல் இல்லாமல் காய்கறி இல்லை. வெங்காயம் இல்லாமல் வடை போட்டால் யாரும் தொடுவதில்லை. பெரியவன் படகு ஓட்டப் போகிறேன் என்கிறான், நான் வேண்டாம் என்கிறேன். கடல் இந்த வருஷம் கரைக்கு மேலேயே வந்து எங்கள் கடை வாசல் வரை மணலைக் கொண்டுவந்து கொட்டியது. தென்னை இரண்டு விழுந்தது. கடலை ராத்திரி கேட்டால் லாரி லாரியாகக் கல் கொட்டுவது போலிருக்கிறது.

மாத்திரை நேரத்துக்குப் போடு. ரத்தம் கட்டாமலிருக்கும் மாத்திரையை ஒரு நாளும் விடாதே.

மாமாவுக்கு எழுதியிருக்கிறேன். அம்மை இறங்க நாளாகும் என்கிறார்கள். நீ அதை நினைத்து மனதை அலட்டிக்கொள்ளாதே.

உன் தம்பி
வேதகிரி

செங்கல்பட்டு
21-8-2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. கடலைப் பற்றி நிறைய எழுதியிருந்தாய். தென்னை விழுந்ததில் யாருக்கும் அடிபடவில்லையே.

நான் நன்றாக இருக்கிறேன். காலையில் தெருக்கோடி வரை நடக்கிறேன். சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டாள் சசி. கீரையைக்கூட அளந்துதான் போடுகிறாள், மாத்திரைக்கு ஆகாதாம். தினமும் காலையில் என் தலையை அவளே வாரிவிடுகிறாள்.

இவளுக்கு நான் நல்ல சாப்பாடு போட்டு வளர்த்தேனா என்று சந்தேகமாக இருக்கிறது, அவ்வளவு இளைத்துவிட்டாள். நீ போன் செய்யும்போது அவளைச் சாப்பிடச் சொல்.

ஆடி போய் ஆவணி வந்துவிட்டது. நெல் நாற்று விட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அக்கா
தாயாரம்மாள்

ஹட்பே
7-9-2025

சசிரேகாவுக்கு,

மாமா எழுதுவது. உடம்பைக் கவனித்துக்கொள். நீ இளைத்துவிட்டதாக அம்மா எழுதியிருக்கிறாள்.

அந்தக் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். உன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மை இறங்கியதா என்று இல்லை, எப்போது வருவார் என்று இல்லை. எனக்கு அக்கா கடிதம் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து, உன் மாமா இப்படிச் சொன்னார், அப்படிச் செய்தார் என்று இல்லாமல் ஒரு கடிதமும் வந்ததில்லை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது அம்மா. செக்கப் வரை காத்திருக்காதே. இந்த மாதக் கடைசியில் கப்பலுக்குச் சீட்டு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் புறப்படுகிறேன்.

மாமா

மானாம்பதி
25-9-2025

அன்புத் தம்பி வேதகிரிக்கு,

அக்கா என் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீயும் உன் குடும்பமும் சுகமாயிருங்கள். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே படிக்கப் பயப்படுவாய்.

உன் மாமா போனது எனக்கு ஆடி மாதமே தெரியும்.

சசி என் தலையை வாருகிறாள் என்று எழுதியிருந்தேன். வாரி முடித்ததும் பூ வைத்து, குங்குமம் வைத்துவிடுவாள். அதற்கு முன் அவள் எனக்கு ஒரு நாளும் வைத்ததில்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன திடீரென்று என்றுதான் முதலில் நினைத்தேன். ஆடி வெள்ளி ஒன்றில் குங்குமத்தை எடுத்தவள் கை என் நெற்றிக்கு வராமல் பாதியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு பார்வையில் எல்லாம் எனக்கு வரிசையாக வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஈரத் தலையோடு வந்தது. கடைக்குப் போகிறேன் என்று போனவள் வெறும் கையோடு சாயங்காலம் வந்தது. கொப்புளத்துக்கு வெட்கப்படுகிறார் என்றது. முப்பத்தைந்து வருஷமாக கிரீஸ் அப்பின முகத்தோடு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன், என்னிடம் முகத்தைக் காட்ட வெட்கப்படுவாரா?

கையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றுவது அவளுக்கு ஒரு வேலையாக இருந்தது. மாத்திரை, கஞ்சி, கீரை அளவு என்று ஓடிக்கொண்டிருந்தாள். அதை நான் பிடுங்கிக்கொண்டால் அவள் உட்கார்ந்துவிடுவாள் என்று பயந்தேன். அதனால் நெற்றியை நீட்டினேன். ஒவ்வொரு நாளும் நீட்டினேன். அழுகை வந்தால் குளிக்கும்போது அழுதேன். எனக்கு என் சத்தம் கேட்காது, வெளியே கேட்குமோ என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை செக்கப். சசி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் காகிதத்தில், வால்வு அருமையாக வேலை செய்கிறது, ஏதாவது கேட்க வேண்டுமா என்று எழுதினார். நான் பேனாவை வாங்கி, “என் வீட்டுக்காரர் செத்த சேதியை எனக்கு ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தால் என் நெஞ்சு தாங்கியிருக்காதா?” என்று எழுதினேன்.

அவர் அதைப் படித்துவிட்டு சசியைப் பார்த்தார். சசி எட்டிப் படித்தாள். அவள் வாய் திறந்தது, என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, “முதல் இரண்டு நாள் யோசித்திருப்பேன். அதற்குப் பிறகு நானே பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லியிருப்பேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை” என்று எழுதினார். காரியத்துக்கு ஊருக்குப் போயிருக்கலாமா என்று கேட்டேன். பழைய முறையில் எலும்பைப் பிளந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன், இப்போது காரில் பத்திரமாகப் போய் வந்திருக்கலாம் என்றார்.

பார் தம்பி. எலும்பை உடைக்காமல், நாலாம் நாள் நடக்கும்படி என்னைச் செய்துகொடுத்தார்கள். அந்த நடையை வைத்துக்கொண்டு நான் செங்கல்பட்டில் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். இங்கே என் வாசலில் பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, அவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். அவரை எரித்த அன்று நான் குழாய்களோடு படுத்திருந்தேன், அது விதி. பதினாறாம் நாள் என் வீட்டில் நான் இல்லாமல் போனது விதி இல்லை.

சசி ஆஸ்பத்திரி வாசலில் என் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளை அடிக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. பிறகு, “ஊட்டுக்குப் போலாம் வா. செங்கல்பட்டு இல்ல, நம்ம ஊட்டுக்கு” என்றேன்.

வந்தோம். மாட்டை வீரம்மாள் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் உட்கார்ந்த இடத்தை அவள்தான் காட்டினாள். தொட்டியில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்தாராம், தூங்குகிறார் என்று நினைத்து ஒரு தடவை தாண்டிப் போய்விட்டாளாம். அதைச் சொல்லி அவள் அழுதாள். நான் தேற்றினேன். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். யாரையும் பக்கத்தில் வரவேண்டாம் என்றேன்.

பொட்டு எடுக்க, வளையல் உடைக்க என்று இரண்டு மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். அதெல்லாம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். பெண் பிள்ளை கொள்ளி வைத்த வீட்டில் இனி என்ன முறை பார்ப்பது? சசி கொள்ளி வைத்ததை மட்டும் நினைத்தால் எனக்கு அவள் மேல் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது. மற்ற நேரத்தில் நிற்கிறது. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் மேலும் கோபம் இருக்கிறது. அவருக்கு எழுதியிருக்கிறேன் என்று எழுதினாயே. அந்த வரியைப் படித்தபோது எனக்கு எல்லாம் தெரியும். என் தம்பிக்கு இதை எழுத என்ன பாடாக இருந்திருக்கும் என்றும் தெரிந்தது. இருந்தாலும் கோபம்தான்.

புது வால்வு பதினைந்து வருஷத்துக்குக் குறையாமல் வரும் என்று டாக்டர் நம்பிக்கையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அவ்வளவு நாளை வைத்துக்கொண்டு என்ன செய்யட்டும் என்று அவரிடம் கேட்க எனக்குக் கை வரவில்லை.

கப்பல் கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் எழுது. உனக்குக் காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று எழுது. யாராவது செத்தால் செத்தார்கள் என்று எழுது. எனக்கு இனி எழுத்துதான் காது தம்பி. அதில் நடந்ததை மட்டும் போடு.

உன் அக்கா
தாயாரம்மாள்